கைக்கெட்டும் தூரத்தில் முளைத்தவை

1806 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கொலம்பியா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக்குழு மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சிறு கோட்டைக்குள் மழைக்கு ஒடுங்கிக் கிடந்தது. உப்புக்காக அந்தக் குளிர்காலத்தில் கடல்நீரைக் காய்ச்சியிருந்தார்கள். இறைச்சி கெட்டுப்போவது வாடிக்கையாகிவிட்டது. ஆனால் குழுவின் சார்ஜெண்ட் பாட்ரிக் காஸ் அன்று நாட்குறிப்பில் எழுதியது இன்னொரு தட்டுப்பாட்டைப் பற்றி. புகையிலை தீர்ந்துவிட்டது. 33 பேரில் அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் 7 பேர்தான். மெல்லுகிறவர்கள் காட்டு ஆப்பிள் மரத்தின் பட்டையைக் கடித்துச் சமாளித்தார்கள். புகைக்கிறவர்களோ ஒரு புதரின் உட்பட்டையையும், தரையோடு படர்ந்த ஒரு குறுஞ்செடியின் இலையையும் பைப்பில் அடைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புதர் ரெட் ஓசியர் டாக்வுட். குறுஞ்செடி பேர்பெர்ரி, கரடிகள் விரும்பித் தின்னும் சிவந்த பழத்தைத் தருவது. வந்தவர்கள் தாங்களாக யோசித்துச் செய்த மாற்று ஏற்பாடு அல்ல இது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் நெடுங்காலமாகச் செய்துவந்தது, அவர்களோடு பழகிய பிரெஞ்சுப் படகோட்டிகள் வழியாகக் குழுவுக்கும் தெரிந்திருந்தது. புகையிலையோடு பட்டையும் இலையும் சேர்ந்த இந்தக் கலவைக்குக் கின்னிகின்னிக் என்று பெயர். இதில் இன்னது இவ்வளவு என்று பொது அளவு கிடையாது. டாக்வுட் மண்டிய ஆற்றங்கரையில் அதன் பட்டை, மலைச்சரிவில் பேர்பெர்ரி, சுமாக் செடி நிற்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் சிவந்துபோன அதன் இலை. காலடியில் எது முளைத்ததோ அதுவே பைப்பில் ஏறியது.

செய்முறையில் அவசரத்துக்கு இடமில்லை. டாக்வுட் தண்டின் சிவப்பு மேல்தோலை முதலில் சுரண்டி எறிந்துவிட வேண்டும். அடியில் இருக்கும் பச்சை உட்பட்டைதான் வேண்டியது. அதைச் சுருள் சுருளாகச் சீவி எடுத்து நெருப்புக்கு மேலே மொறுமொறுப்பாக வாட்டி, பிறகு கையால் நொறுக்குவார்கள். பேர்பெர்ரி இலை தடித்தது, தோல் போன்றது. வாட்டாமல் போட்டால் எரியாது, புகையும் தராது. இத்தனை பாடு எதற்கு என்றால் காரணம் ஒன்றல்ல. அங்கே பயிரான நாட்டுப் புகையிலை பலவற்றில் நிகோடின் அதிகம், தனியாக இழுத்தால் தலை சுற்றும். அதன் வேகத்தைத் தணிக்க வேண்டும். அரிதாகக் கிடைக்கும் சரக்கு நாலு நாள் கூடுதலாக வர வேண்டும். வந்திருக்கும் விருந்தாளிக்கோ வேண்டுதலுக்கோ எழுப்பும் புகை என்பதால் அதற்குத் தகுந்த மணமும் வேண்டும். சிக்கனம் எங்கே முடிகிறது, சடங்கு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்பது நம்முடைய ஆர்வமாக இருக்கலாம். அவர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது பஃபலோ பேர்ட் வுமன் என்ற ஹிடாட்ஸா மூதாட்டியின் வாய்மொழி. வடக்கு டகோடாவைச் சேர்ந்த அவர் தன் மக்களின் வேளாண்மையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, கில்பர்ட் வில்சன் எழுதிக்கொண்டார். அது 1917இல் நூலாக வந்தது. சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி என்று விரியும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் புகையிலை வருகிறது. மற்றப் பயிர் எல்லாம் பெண்களின் கையில் இருக்க, புகையிலை மட்டும் கிழவர்களின் தோட்டம். வாலிபர்கள் அதிகம் புகைப்பதில்லை. புகைத்தால் மூச்சு வாங்கும், ஓட முடியாது, எதிரி துரத்தும்போது ஓட முடியாதவன் எதற்கு ஆவான் என்பது அவர்கள் கணக்கு. நுரையீரல் மருத்துவர்கள் வெகு காலம் கழித்து வந்து சேர்ந்த இடம் அது. அந்தக் கிழவர்கள் இலையைவிடப் பூவையே உயர்வாக மதித்தார்கள். பூக்களைப் பறித்து உலர்த்தியபின் காட்டெருமைக் கொழுப்பை ஒரு குச்சியில் குத்தித் தணலில் காட்டி, உருகும் நெய்யை அந்தக் குவியலில் அங்கங்கே தொட்டு வைப்பார்கள். காட்டிலிருந்து பைப்புக்குள் வந்து சேர்வது செடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஐரோப்பாவில் கதை தலைகீழ். அங்கே புகையிலை கடல் கடந்து வருவதற்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு காட்டுச்செடியைப் புகைக்கும் வழக்கம் இருந்தது. கோல்ட்ஸ்ஃபுட் என்கிற மஞ்சள் பூச்செடியின் புகையை நாணல் குழல் வழியாக இழுத்தால் நாள்பட்ட இருமல் நிற்கும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வோர் இழுப்புக்கும் இடையில் கொஞ்சம் திராட்சை மதுவும் குடிக்க வேண்டுமாம். அந்தப் பகுதி அப்போதே பிரபலமாக இருந்திருக்கும். இங்கிலாந்தில் மூலிகைப் புகையிலை என்று விற்றதில் இதே இலைதான் பிரதானம். அதோடு தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சாமந்தி இனத்துப் பூக்கள். இதெல்லாம் மருந்து என்ற பெயரில் நடந்தது. கோல்ட்ஸ்ஃபுட்டில் கல்லீரலைக் கெடுக்கும் அல்கலாய்டுகள் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிற வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கும் அதே செல்வாக்கு அங்கேயும் இருந்திருக்கிறது.

இனி மான்நாக்கு. ஃப்ளோரிடாவின் வடக்கு, ஜார்ஜியாவின் தெற்கு, அதை ஒட்டிய மாநிலங்களின் சமவெளிப் பைன் காடுகளில் தரையோடு ஒட்டி வளர்கிறது இந்தச் செடி. நீண்டு மழுங்கிய இலை மானின் நாக்கைப் போல இருப்பதால் வந்த பெயர். காட்டு வனிலா என்றும் சொல்வார்கள். அந்தக் காடுகள் அடிக்கடி தீப்பிடித்து, அடர்த்தி குறைந்து, வெயில் தரைக்கு இறங்கினால்தான் உயிரோடு இருக்கும். மான்நாக்கும் அந்த வெயிலை நம்பியே தழைக்கிறது. பச்சை இலையைக் கிள்ளி முகர்ந்தால் சொல்லும்படியாக ஒன்றும் தெரியாது. பறித்துப் போட்டு வாடவிட்டால் வனிலாவும் புதுவைக்கோலும் கலந்த மணம் அந்த இடத்தையே நிறைத்துவிடும்.

அந்த மணத்தின் பெயர் கூமரின். உயிருள்ள இலைக்குள் அது கூமரினாக இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த வேறொரு சேர்மமாக, வாசனையே இல்லாமல் செல்லுக்குள் அடைபட்டிருக்கிறது. இலை வாடும்போது செல்லின் உள்ளமைப்பு சிதைகிறது, அதுவரை தனியாக இருந்த நொதி அந்தச் சேர்மத்தைத் தொடுகிறது, சர்க்கரை கழன்று கூமரின் வெளிப்படுகிறது. வடக்கு அமெரிக்கப் பூர்வகுடிகள் பின்னிக் கொளுத்தும் இனிப்புப் புல், ஐரோப்பாவில் மதுவில் ஊறவைக்கும் உட்ரஃப், பாலாடைக்கட்டிக்கும் புகையிலைக்கும் சேர்த்த மெலிலாட் என்கிற இனிப்புக் குளோவர், தென் அமெரிக்க டோன்கா விதை எல்லாவற்றிலும் இதே மூலக்கூறுதான். நம் கடைகளில் பட்டை என்ற பெயரில் விற்கும் காசியாவிலும் இது தாராளமாக உண்டு. இலங்கைக் கறுவாவில் பெயருக்குத்தான் இருக்கும். பிரியாணிக்கும் பைப்புக்கும் இப்படி ஓர் உறவு.

பைப்பில் போட்ட காட்டுத் தழைகளில் பெரும்பாலானவை ஏமாற்றும். புதினா முதல் நாலு இழுப்புக்கு மணக்கும், பிறகு எரிந்த சருகின் வாடைதான். மெந்தால் 212 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கங்கு நெருங்குவதற்கு முன்பே, கிண்ணத்தில் ஏறும் சூட்டில் அது கிளம்பிப் போய்விடுகிறது. கூமரின் கொதிப்பது 300 டிகிரியைத் தாண்டி. ஆகவே கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகப் புகையோடு வந்துகொண்டிருக்கும். மணத்துக்காகக் கலப்பவர்கள் மான்நாக்கைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த இலையைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள். பைன் காட்டு ஓரத்தில் இருந்த ஏழைக் குடும்பங்கள் இலையைக் கையால் பறித்து, வெயிலில் காயவைத்து, பவுண்டு கணக்கில் தரகர்களுக்கு விற்றன. மூட்டைகள் அமெரிக்கப் புகையிலை ஆலைகளுக்குப் போயின, கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போயின. பறித்தவருக்கும் புகைத்தவருக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான மைல்கள். தன் பைப்பில் மணப்பது எந்தக் காடு என்று புகைத்தவருக்குத் தெரியாது. டப்பாவின்மேல் காட்டின் பெயர் இருப்பதும் இல்லை. கின்னிகின்னிக்கில் இடமும் இலையும் ஒன்றாக இருந்தன. இங்கேதான் அவை பிரிந்தன. இலையையும் விட்டு மணத்தை மட்டும் உண்டாக்கும் வழி முன்பே வந்துவிட்டிருந்தது. சாயத்துக்குப் பெயர்போன இங்கிலாந்து வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின் 1868இல் கூமரினை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார்.

மணம் இவ்வளவு இனிமையாக இருப்பதால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1920களில் வடக்கு டகோடாவிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு வெட்டினால்கூட ரத்தம் நிற்காது. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் அவை. 1933இல் பனிப்புயலுக்கு நடுவே ஒரு விஸ்கான்சின் விவசாயி செத்த கிடேரியையும், ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அந்த வைக்கோலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மேடிசன் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே இருந்த கார்ல் பால் லிங்க் குழுவினர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பூஞ்சை கூமரினை வேறொன்றாக மாற்றுவதையும், அந்த வேறொன்றுதான் ரத்தத்தை உறையவிடாமல் செய்வதையும் கண்டார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, சில ஆண்டுகளில் இதய நோயாளிகளின் மாத்திரையானது. கூமரின் தானே ரத்தத்தை நீர்க்கச் செய்யாது, குற்றவாளி பூஞ்சைதான். ஆனால் வீட்டில் இலை உலர்த்துகிறவருக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி உண்டு. சரியாகக் காயாத இனிப்புக் குளோவரைப் புட்டியில் அடைத்து, வெள்ளை பூத்தபின் பரவாயில்லை என்று பைப்பில் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

கூமரினை உணவில் சேர்க்க 1954இல் அமெரிக்கா தடை விதித்தது. எலிகளின் கல்லீரலை அது கெடுத்தது. புகையிலை உணவு அல்ல என்பதால் தடை அதைத் தொடவில்லை. சிகரெட் நிறுவனங்கள் 1980களில் தாமாகவே கூமரினைக் கைவிட்டன. பைப் புகையிலையில் அது தொடர்ந்தது. இந்த இடத்தில்தான் ஜெஃப்ரி வைகண்ட் வருகிறார். பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், 1993இல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர். சர் வால்ட்டர் ராலே என்னும் பைப் புகையிலையில் கூமரின் வேண்டாம் என்று தான் சொன்னதாகவும், விற்பனை குறையும் என்பதால் மேலிடம் மறுத்துவிட்டதாகவும் 1995 நவம்பரில் மிசிசிப்பியில் சாட்சியம் சொன்னார். அவர் நம்பத் தகாதவர் என்று காட்ட 500 பக்கக் கோப்பு ஒன்று நிறுவனத்தின் தரப்பில் திரட்டப்பட்டது. 1996 பிப்ரவரியில் அவருடைய பேட்டி தொலைக்காட்சியில் வந்தது, 1999இல் ‘தி இன்சைடர்’ படமாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கூமரினை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தவில்லை. போதிய சான்று இல்லை என்றே நிறுத்திக்கொண்டது. நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிறைந்த புகைக்குள் நின்றுகொண்டு வனிலா மணத்தின்மேல் வழக்காடியது வேடிக்கையாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பைன் காட்டில் இலை பறித்தவருக்குத் தன் கையில் இருப்பது எது என்று தெரியும். டப்பாவைத் திறந்தவருக்குத் தெரியாது. வைகண்டின் சண்டை அந்தத் தெரியாமையின்மேல்தான் நடந்தது.

2009இல் வந்த அமெரிக்கச் சட்டம் சிகரெட்டில் மூலிகை, மசாலா, பழ வாசனைகளைத் தடைசெய்தது. மெந்தாலுக்கு மட்டும் விலக்கு. கிராம்புச் சிகரெட் செய்யும் இந்தோனேசியா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 2012இல் வென்றது. பைப் புகையிலை இந்தத் தடைக்குள் வரவில்லை. கிழவர்களின் பழக்கம், அதுவாகவே போய்விடும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

போய்விடவில்லை. கொல்லையில் பத்துப் பதினைந்து புகையிலைச் செடி வளர்த்து, கொட்டகையில் தொங்கவிட்டு, தாங்களே நறுக்கிக் கலப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பக்குவம் கேட்கச் சுவையானது. வர்ஜீனியா வகையில் சர்க்கரை அதிகம், அதற்கென்று ஒரு குணம் உண்டு, வெளிமணத்தைச் சுலபத்தில் உள்ளே விடாது. பர்லி வகையில் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்திருக்கும், எதைக் காட்டினாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மூலிகை சேர்ப்பவர்கள் பர்லியில் தொடங்குவார்கள். தழையின் ஈரமும் புகையிலையின் ஈரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், நறுக்கின் அகலமும் அப்படியே. இல்லாவிட்டால் மூலிகை மட்டும் குபுக்கென்று எரிந்து நாக்கைச் சுடும். இருபதில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் புகையிலை தொலைந்து போகும். லாவெண்டர் போன்றவற்றைக் கலப்பதே இல்லை. நம் வீடுகளில் பட்டுப்புடவைப் பெட்டிக்குள் தாழம்பூ மடலைப் போட்டு வைப்பதைப் போல, புட்டிக்குள் சில வாரம் கூடவே வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். ஒருமுறை பலமான மணத்தைப் பார்த்த மரப் பைப் அதை லேசில் மறக்காது, அடுத்து எதைப் போட்டாலும் பழைய மணத்தைக் கலந்தே தரும். அதனால் மூலிகைக்கென்று தனிப் பைப் வைத்திருப்பார்கள்.

காட்டில் பறிக்கப் போகிறவருக்கு அபாயம் இலையிலேயே இருக்கிறது. எரியும் பதத்துக்காகச் சேர்க்கும் மல்லீன் செடியின் முதலாண்டு இலைக்கொத்தும், இதயத்தை நிறுத்திவிடக்கூடிய ஃபாக்ஸ்குளோவின் இலைக்கொத்தும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். பூர்வகுடிகளுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. பாட்டன் காட்டிய புதரைப் பேரன் அறிவான். வாசனையின் பின்னால் காட்டுக்குள் போகிற நகரவாசியிடம் கைபேசிப் படம்தான் இருக்கிறது.

மூலிகையைக் கலக்காமலே மூலிகை மணம் ஏற்றும் இடங்களும் உண்டு. லடாக்கியா என்ற கறுத்த புகையிலை முதலில் சிரியாவின் மலைகளிலும் பிறகு சைப்ரஸிலும் உருவானது. இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே மாஸ்டிக் புதர், மிர்ட்டில், பைன், சைப்ரஸ் மரக் கிளைகளைக் கனியவிடுவார்கள். அந்த மலைச்சரிவில் வளர்பவை எல்லாம் புகையாக ஏறி இலைக்குள் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் இதே வேலையைத் தேங்காய்மட்டை செய்கிறது. குடிசையை மூடிப் புகை போட்டு இலையைப் பதப்படுத்துவார்கள். அந்தச் சுருட்டின் காரத்தில் தென்னந்தோப்புக்கும் பங்கு உண்டு என்பதைப் புகைப்பவர்கள் யோசிப்பதில்லை. தஞ்சைப் பக்கத்து வெற்றிலைச் செல்லத்தில் இருந்த பன்னீர்ப் புகையிலைக்கு மணம் ரோஜாவிலிருந்து வந்தது. அது காடல்ல, தோட்டம். அதையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று எனக்கு உறுதியில்லை.

பேர்பெர்ரி இன்று அமெரிக்க நர்சரிகளில் கின்னிகின்னிக் என்ற பெயரிலேயே கிடைக்கிறது. கலவையின் பெயர் செடிக்கு ஒட்டிக்கொண்டது. ஆண்டு முழுக்கப் பசுமை, தண்ணீர் அதிகம் கேட்காது, மண்ணை இறுகப் பற்றும் என்பதால் சியாட்டல் போன்ற நகரங்களில் நடைபாதை ஓரத்திலும் கார் நிறுத்துமிடத்தின் சரிவிலும் பாய்போல நட்டிருக்கிறார்கள். மாசாசூசெட்ஸ், வான்கூவர் ஜேட் என்று தேர்ந்தெடுத்த ரகங்கள் உண்டு. பளபளப்பான இலைக்கும் நோய் தாங்கும் தன்மைக்கும் அவற்றுக்குக் கிராக்கி. பைப்புக்கு இலை தேடுகிறவர்கள் இந்தச் செடிகளைத் தொடக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், நாய்கள் வந்து போயிருக்கும், கார்ப் புகையும் படிந்திருக்கும். வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே மலையேறிப் போய்ப் பறிக்க வேண்டும். அங்கேயும் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான்.